வயலில் நிற்கும் அக்காவின் வைட்டமின் டி

அன்புள்ள மீனா,

உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தி படித்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எப்போது சேர்கிறாள்?

நான் இன்னும் அதே எச்.ஐ.வி. கூட்டு மருந்து மையத்தில்தான் கவுன்சிலராக இருக்கிறேன். போன வாரம் வந்த ஒரு அக்காவைப் பற்றி உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும். நடவு, களையெடுப்பு என்று வயலிலேயே காலம் தள்ளுபவர். வெளியே ஒரு லேபில் எடுத்த ரிப்போர்ட்டை நீட்டினார். வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 11 நானோகிராம். 20க்குக் கீழே போனாலே பற்றாக்குறை என்பார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "வெயில்ல நில்லும்மா, ஒழுங்கா சாப்பிடு" என்று கடிந்துகொண்டாராம். "இதுக்கு மேல எந்த வெயில்ல நிக்கிறது?" என்று வெடித்த கையை மேசைமேல் வைத்தார். எனக்கு வயிறு எரிந்தது. எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்றாலே எல்லாவற்றுக்கும் அவர்களையே குற்றம் சொல்கிறோம்.

வயலில் புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வெயில் படுவது முகத்திலும் கையிலும்தான். கறுத்த தோலுக்கு நேரமும் கூடுதலாக வேண்டும்.

நீ விலங்கியல் படித்தவள், உனக்குச் சட்டென்று புரியும். வெயிலால் தோலில் உண்டான வைட்டமின் டியைக் கல்லீரலில் மாற்றுவது சிஒய்பி2ஆர்1 நொதி. ரத்தத்தில் சுமப்பது ஜிசி மரபணு தரும் புரதம். கடைசியில் சிதைப்பது சிஒய்பி24ஏ1. இந்த மரபணுக்கள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேறுபடுவதால் ரிப்போர்ட்டும் வேறுபடுகிறது. லேப் அளப்பது மொத்த அளவை. பஸ்ஸில் இருப்பவர்களையும் இறங்கியவர்களையும் சேர்த்து எண்ணுவதுபோல. இறங்கி வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று தனியாகத் தெரியாது. சுமக்கும் புரதம் குறைவாக உள்ளவருக்கு மொத்த எண்ணும் குறைந்தே தெரியும். வைட்டமின் டி அளவு பற்றி 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய மரபணு ஆய்வில் சுமார் 34,000 பேர், அத்தனை பேரும் ஐரோப்பிய வம்சாவளி. அதை மட்டும் வைத்து நம் ஊர்க்காரர்களை எடைபோடுவது எனக்கு ஒப்பவில்லை.

மருந்தும் சும்மா இருப்பதில்லை. இவர் முன்பு சாப்பிட்ட எச்.ஐ.வி. மருந்தான எஃபாவிரென்ஸ், வைட்டமின் டியைச் சிதைக்கும் நொதிகளை முடுக்கிவிடும். அந்த மருந்தை உடம்பு எவ்வளவு வேகமாகக் கழிக்கும் என்பதோ சிஒய்பி2பி6 மரபணுவின் கையில். அதில் ஒரு மாற்றம் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்திருந்தால், அதே மாத்திரை ரத்தத்தில் அதிகமாகத் தங்கும். இப்போது அவர் டோலுடெகிராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்துக்கு மாறிவிட்டார், அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதோடு சேர்ந்து வரும் டெனோஃபோவிர் எலும்பின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைக்கும். அதனால் 11ஐ அப்படியே விட முடியாது. மரபணு சோதனைக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை, வைட்டமின் டி மாத்திரை கொடுத்துத் திரும்பப் பார்த்தால் போதும்.

கால்சியமும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வெறும் வயிற்றில் அதையும் எச்.ஐ.வி. மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் டோலுடெகிராவிர் உடம்பில் சரியாகச் சேராது. அதனால் கால்சியத்தை மத்தியானச் சாப்பாட்டோடு போடச் சொல்லி, எச்.ஐ.வி. மாத்திரையை வழக்கம்போல ராத்திரி 9 மணிக்கே வைத்தேன். அட்டையில் ஒரு சூரியனும் ஒரு நிலாவும் வரைந்து கொடுத்தேன், அவருக்குப் படிக்கத் தெரியாது. மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுக்க வருவார். வந்ததும் உனக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
சாந்தி