தும்பிக்கை தெரிய வேண்டும்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். தங்கையின் முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. இனியாவது அவளை மாடிப்படி ஏற விடாதே.

கடிதத்தோடு நீ அனுப்பிய நான்கு படங்களையும் நேற்று இரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பாவின் தகரப் பெட்டியில் 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் இருந்திருக்கிறது! அது சாதாரண ரூபாய் இல்லை. மன்னர் அணிந்திருக்கும் சங்கிலியில் ஒரு குட்டி யானை உண்டு. அந்த ஆண்டு அச்சில் அதன் தும்பிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்தது. பன்றி உருவம் மத உணர்வைப் புண்படுத்துகிறது என்று மக்கள் கொதித்தெழுந்ததும், 1912-இல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். 'பன்றி ரூபாய்' என்று நாணயம் சேர்ப்பவர்கள் தேடுவது இதைத்தான்.

ஆனால் உன் படத்தில் அந்த இடத்தில் இருப்பது வெறும் வெள்ளைத் திட்டு. பிளாஷ் அடித்து எடுத்திருக்கிறாய். வெள்ளி நாணயம் கண்ணாடி மாதிரி. நேரே அடித்த ஒளியை நேரே திருப்பி அனுப்பிவிடும். முதலில் பிளாஷையும் டியூப்லைட்டையும் அணைத்துவிடு. ஒரே ஒரு மேசை விளக்கு போதும். அதன் முன்னால் ஒரு டிரேசிங் தாளைத் தொங்கவிடு. கடிகார முகத்தில் பத்து மணி இருக்கும் திசையில், சற்று உயரத்தில் விளக்கை வைத்துப் பார். கீழிருந்து ஒளி வந்தால் புடைத்திருக்கும் மன்னரின் முகம் குழிந்ததுபோல் கண்ணை ஏமாற்றும். விளக்கை விரற்கடை அளவு நகர்த்தி நகர்த்தி எடு. ஒரு கோணத்தில் தாடியின் ஒவ்வொரு இழையும் எழுந்து நிற்கும். யானையும் அப்போதுதான் தெரியும்.

கைபேசியைக் கையில் பிடிக்காதே. இரண்டு புத்தக அடுக்குகளுக்கு இடையே, நாணயத்துக்கு ஒரு சாண் மேலே, பாலம்போல் படுக்கவைத்து, இரு மடங்கு பெரிதாக்கி எடு. மிக நெருங்கினால் உன் கைபேசியின் நிழலே நாணயத்தில் விழும். நாணயம் இருக்கும் இடத்தில் முதலில் ஒரு சின்னக் கண்ணாடியை வை. லென்ஸின் பிம்பம் திரையின் நடுவில் விழுந்தால் கைபேசி சாயாமல் இருக்கிறது என்று பொருள். நாணயத்தை ஒரு பாட்டில் மூடிமேல் உயர்த்தி வைத்தால் கீழே விரித்த துணியின் நூலிழைகள் மங்கிவிடும். இரண்டு விநாடி டைமர் வைத்துவிடு, விரல் பட்டு ஆடாது.

மறுபக்கத்தையும் எடு. அடியிலுள்ள தாமரைக்குக் கீழே சிறு புள்ளி இருந்தால், நாணயம் அச்சான அக்கசாலை பம்பாய்; இல்லாவிட்டால் கல்கத்தா. தூசியைப் புள்ளி என்று நினைத்துவிடக் கூடாது; எடுப்பதற்கு முன் ரப்பர் ஊதுகுழலால் ஊதிவிடு, துணியால் துடைக்காதே.

இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கறுத்திருக்கிறதே என்று திருநீறு போட்டுத் தேய்த்துவிடாதே. பன்னிரண்டு வயதில் தாத்தா தந்த 1862 விக்டோரியா ரூபாயை நான் அப்படித்தான் பளபளப்பாக்கினேன். இன்று எந்தக் கோணத்தில் விளக்கு வைத்தாலும் ராணியின் கன்னம் முழுக்க மயிரிழைக் கீறல்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. உன் அப்பாவின் ரூபாயில் படிந்திருக்கும் நீலமும் பழுப்பும் நூறாண்டுகளாகத் தானாக வந்த நிறம். அது படத்திலும் அப்படியே வர வேண்டும். கைபேசியின் 'அழகூட்டும்' வசதிகளை எல்லாம் நிறுத்திவிட்டு எடு.

நகைக்கடைத் தராசில் எடையும் பார்த்து எழுது. தேயாத ரூபாய் 11.66 கிராம் இருக்கும். விளிம்பைப் பிடித்தே தூக்கு. புதுப் படங்களுக்குக் காத்திருக்கிறேன். பொங்கலுக்கு நான் வரும்வரை பெட்டியில் மீதி உள்ளவற்றை வேறு யார் கையிலும் கொடுக்காதே.

உன் அன்பு நண்பன்