வகுப்பறைக்கு நேராகப் போன பணம்: நம் கல்வி அறக்கட்டளையின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், அறங்காவலர்களுக்கும், மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரைப் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும், பெற்றோர்களுக்கும் செயலாளரின் வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டதால் இன்று பல அப்பாக்கள் வர முடியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாளுக்குள் பொதுக்குழுவைக் கூட்டியிருந்தால் அவர்களும் இங்கே இருந்திருப்பார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் கடைசியிலேயே கூட்டிவிடலாம் என்று முன்மொழிகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். நோட்டுப் புத்தகம், சீருடை வழங்கியதெல்லாம் வழக்கம்போல் நடந்தது. நான் வகுப்பறை உதவித்தொகையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன். இந்த அறக்கட்டளை செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான் என்பது என் எண்ணம்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஆண்டுதோறும் பள்ளி மானியம் வருகிறது. 30 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு அது 10,000 ரூபாய். சாக்பீஸ், பல்பு, தண்ணீர்க் குழாய் எல்லாம் அதற்குள்தான். பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கே போக வேண்டும். 'இந்தப் பாடத்தை வேறு மாதிரி நடத்திப் பார்க்கலாமே' என்று ஒரு ஆசிரியருக்குத் தோன்றினால், அதற்கு அந்தப் பணத்தில் இடம் கிடையாது. அவர் தன் சம்பளத்திலிருந்து வாங்குவார், அல்லது அந்த யோசனையை விட்டுவிடுவார். இரண்டுமே நடக்கக் கூடாது என்றுதான் நாம் இந்த வகுப்பறை உதவித்தொகையை ஆரம்பித்தோம். ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். பணம் ஆசிரியரின் சொந்தக் கணக்குக்குப் போகாது. கடைக்கு நேராகக் கட்டிவிடுகிறோம். பொருள் தலைமையாசிரியர் கையெழுத்தோடு பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது.

விண்ணப்பத்தில் மூன்றே கேள்விகள். எந்தப் பாடம்? என்ன வாங்க வேண்டும்? பிள்ளைகள் என்ன செய்வார்கள்? மூன்றாவது கேள்விக்கான பதிலைத்தான் குழு திரும்பத் திரும்பப் படிக்கிறது. ராமேஸ்வரத்தில் அப்துல் கலாமின் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை பறப்பதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார்; பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றதும் அன்று சாயங்காலமே கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். அப்துல் கலாம் அந்த மாலையைக் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பாடத்துக்குக் காசு செலவில்லை. அதனால் வாங்கும் பொருளைவிட அதை வைத்து நடக்கும் பாடம் முக்கியம் என்பதை நாம் மறக்காமல் இருக்கிறோம்.

இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் பள்ளிகளிலிருந்து விண்ணப்பமே வராமல் இருந்தது. போய்க் கேட்டால், உட்கார்ந்து எழுத நேரமில்லை என்றார்கள். சரி, வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புங்கள், நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்று இந்த ஆண்டு சொன்னோம். பேருந்தில் போகும்போது பேசி அனுப்பிய ஒரு குரல் பதிவுதான் நமக்கு வந்ததிலேயே தெளிவான விண்ணப்பம்.

அது மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியிலிருந்து வந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கடல்பாசிகளைக் காயவைத்து அட்டையில் ஒட்டி ஒரு தொகுப்பு செய்ய வேண்டும் என்றார் ஆசிரியை. கேட்டது கைலென்ஸ், தட்டுகள், தடித்த அட்டை, பசை, அவ்வளவுதான். அவர் மதுரைப் பக்கத்துக்காரர். பாசியின் ஊர்ப்பெயர் எதுவும் தெரியாது என்று அவரே குரல் பதிவில் சொல்லியிருந்தார். அதனால் கடலில் பாசி எடுக்கப் போகும் அம்மாக்களை வகுப்புக்குக் கூப்பிட்டார்.

நானும் அன்று போயிருந்தேன். கையெழுத்துப் போட மட்டுமே அந்தப் பள்ளிக்கு வந்து பழகியவர்கள் அவர்கள். முதலில் வராந்தாவிலேயே நின்றார்கள். பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்து உள்ளே உட்கார வைத்தார்கள். ஒரு தட்டில் கலந்து கிடந்ததை ஒரு அம்மா ஒரு நிமிடத்தில் பிரித்து வைத்துவிட்டார். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி. முதல் இரண்டிலிருந்து, ஜெல்லி போல் உறையும் அகர் எடுக்கிறார்கள் என்றார். பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்குவதையும் செய்து காட்டினார். "வேரை விட்டுட்டுக் கிள்ளணும், அப்பத்தான் திரும்பத் தழைக்கும்" என்றார். உடனே ஒரு பெண்பிள்ளை எழுந்து, பாசிக்கு வேர் கிடையாது என்று புத்தகத்தில் இருக்கிறதே என்றாள். ஆசிரியை அவளை உட்காரச் சொல்லவில்லை. கைலென்ஸில் பார்க்கச் சொன்னார். அது பாறையைப் பற்றிக்கொள்ளும் உறுப்பு மட்டும்தான், சத்தை உறிஞ்சும் வேர் இல்லை என்று வகுப்பே கண்டுபிடித்தது. அம்மா சொன்ன வேலையும் சரி, புத்தகம் சொன்ன பெயரும் சரி. அந்த அரைமணி நேரத்தை நான் மறக்க மாட்டேன்.

சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் தொழிலாளி லட்சுமி அம்மா தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருதை 2015-ல் வாங்கியதை ஆசிரியை வகுப்பில் சொன்னபோது, பல பிள்ளைகள் அப்போதுதான் முதல் முறையாகக் கேள்விப்பட்டார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதால், கரை ஒதுங்கிய பாசியை மட்டுமே பிள்ளைகள் எடுத்தார்கள். கரையில் கிடந்தாலும் பவளத் துண்டைத் தொடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

பாம்பன் பக்கத்து எட்டாம் வகுப்பு கேட்டது பிளைவுட், நூல், பேட்டரி, ஒரு சின்ன மோட்டார். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து, புதுப் பாலம் எழும்புவதைத் தினமும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். கப்பலுக்கு வழிவிடும் 72.5 மீட்டர் நீளப் பகுதி 17 மீட்டர் மேலே தூக்கப்படுவது எப்படி என்று செய்து பார்க்க விரும்பினார்கள். முதல் மாதிரியில் மோட்டார் முனகியதே தவிர பலகை அசையவில்லை. ஒரு அப்பா தன் படகிலிருந்து இரண்டு கப்பியைக் கழற்றிக் கொடுத்தார். நூலின் மறுமுனையில் பலகையின் எடைக்குச் சமமாக மணல் பையைக் கட்டியதும், விரலால் தொட்டாலே பலகை ஏறியது. நிஜப் பாலத்திலும் எதிர் எடை அப்படித்தான் தொங்குகிறது. 2025 ஏப்ரல் 6 அன்று பாலம் திறந்தபோது, அது எப்படி ஏறுகிறது என்று வீட்டாருக்கு விளக்கியவர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.

தொண்டிப் பக்கத்து ஐந்தாம் வகுப்பு வடகிழக்குப் பருவம் முழுக்க மழை அளந்தது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். அதை வைத்துப் பள்ளிக் கூரையில் விழுந்த தண்ணீரைக் கணக்கிட்டார்கள். ஊருணியை நம்பியிருந்த ஊரில் இதைவிட நல்ல பெருக்கல் கணக்கு வேண்டாம். இன்னொரு பள்ளி காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குப் போய்வந்தது. நம் செலவு வேன் வாடகை மட்டும். உப்பை வெளியே தள்ளும் அலையாத்தி இலையை நாக்கில் வைத்துப் பார்த்ததுதான் பிள்ளைகள் எழுதிய எல்லாக் கட்டுரையிலும் முதல் வரி. ஒரு தொடக்கப் பள்ளி கதைப் புத்தகங்களோடு இரும்பு அலமாரிக்குப் பதிலாகப் பனையோலைப் பெட்டிகள் கேட்டது. உப்புக்காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்று நமக்குத் தெரியாததா? உடனே கொடுத்தோம்.

சரியாக நடக்காததையும் சொல்லிவிடுகிறேன். நன்கொடையாளர் ஒருவர் விரும்பினார் என்று, யாரும் கேட்காத ஒரு நுண்ணோக்கியை ஒரு பள்ளிக்குக் கொடுத்தோம். அங்கே ஆர்வம் காட்டிய ஆசிரியருக்கு மாறுதல் வந்துவிட்டது. ஜனவரியில் போய்ப் பார்த்தபோது அது பீரோவில் பெட்டி பிரிக்காமல் இருந்தது; லென்ஸில் பூஞ்சை பிடித்திருந்தது. அந்தத் தவறு முழுக்க நம்முடையது. இனி கேட்காத பொருளைக் கொடுப்பதில்லை என்றும், விண்ணப்பத்தில் அதே பள்ளியின் இரண்டாவது ஆசிரியர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும் என்றும் குழு முடிவு செய்திருக்கிறது. முந்தைய ஆண்டு பணம் டிசம்பரில் போய்ச் சேர்ந்ததால் தேர்வு நெருக்கடியில் பாதித் திட்டங்கள் நின்றுபோயின. இந்த ஆண்டு ஜூலை முடிவதற்குள் கொடுத்தோம். வித்தியாசம் கண்ணால் தெரிந்தது.

நன்கொடை பற்றி மூன்று விஷயம். நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை வேண்டுபவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தர வேண்டாம், சலுகை கிடைக்காது. வங்கி வழியாக அனுப்புங்கள். வளைகுடா நாடுகளில் இருக்கும் நம் பிள்ளைகள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் வங்கி மூலம் தாராளமாக அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் வாங்கத் தனி அனுமதி வேண்டும், அது நம்மிடம் இல்லை. அப்புறம், பெயர்ப்பலகை எங்கே வைப்பீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். பலகை வைக்க இந்த வேலையில் சுவர் இல்லை. பிள்ளைகள் கையால் எழுதிய கடிதம் அனுப்புகிறோம். மழைக் கணக்குப் போட்ட வகுப்பின் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார் ஒரு நன்கொடையாளர்.

ஏர்வாடியிலிருந்து சாயல்குடி வரையிலான கரையிலிருந்து இந்த ஆண்டும் ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. அங்கே யோசிக்கும் ஆசிரியர்கள் இல்லாமல் இல்லை, நாம்தான் போகவில்லை. வரும் ஜூலை முதல் வாரத்தில் நானும் துணைச் செயலாளரும் வாலிநோக்கம், மூக்கையூர் உட்பட ஒவ்வொரு பள்ளியாகப் போய்ப் பேசுவதாக இருக்கிறோம். கூட வர விரும்பும் ஆசிரியர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.

இந்த அறிக்கையை ஏற்றுத் தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்