வரிசையில் நின்று வந்தோமா? அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் தமிழ்ச் சங்கங்களை நடத்தும் நண்பர்களுக்கு, வணக்கம்.

பொங்கல் விழா, சித்திரை விழா என்று எங்கே கூடினாலும் இப்போது ஒரு பேச்சு காதில் விழுகிறது. "நாம முறைப்படி விசா வாங்கி, வரிசையில நின்னு வந்தவங்க, எல்லை தாண்டி வர்றவங்களோட நம்மளச் சேர்க்காதீங்க." மேடையிலேயே சிலர் சொல்கிறார்கள், கைதட்டலும் கிடைக்கிறது. எனக்கு இதைக் கேட்டால் கோபமும் பயமும் சேர்ந்தே வருகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நமக்கு வரிசையே இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்து பெல்லிங்காமில், மர ஆலைகளில் வேலை செய்த இந்தியர்களை, பெரும்பாலும் பஞ்சாபி சீக்கியர்களை, வெள்ளையர் கும்பல் அடித்து ஊரைவிட்டே துரத்தியது. குறைந்த கூலிக்கு வந்து எங்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. எச்1பி என்னும் வேலை விசாவில் வந்த நம்மைப் பார்த்து இன்று சொல்வதும் அதேதான். பத்து வருடத்தில், 1917 குடியேற்றச் சட்டம், இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கதவைச் சாத்தியது.

அப்புறம் பகத்சிங் திந்த் வழக்கு. திந்த் பஞ்சாபிலிருந்து வந்து, முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்து, பிறகு குடியுரிமை கேட்டவர். குடியேறி வந்தவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே குடியுரிமை கிடைத்த அந்நாளில், அந்தச் சட்டமே தவறு என்று அவர் தரப்பு வாதிடவில்லை. நான் ஆரியன், உயர்சாதி, சாதிக் கட்டுப்பாடு எங்கள் ரத்தத்தைக் கலப்பில்லாமல் காத்தது, ஆகவே நானும் வெள்ளையன்தான் என்று வாதிட்டது. சாதியின் பெயரால் நசுக்கப்பட்ட கோடிக்கணக்கானவர்களின் முதுகில் ஏறி நின்று கேட்ட குடியுரிமை அது, 1923இல் உச்ச நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லேண்ட் இங்கிலாந்தில் பிறந்து குடியேறியவர். ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அதைப் பறித்தார்கள். அப்படி இழந்தவர்களில் ஒருவரான வைஷ்ணோ தாஸ் பாகாய் 1928இல் தற்கொலை செய்துகொண்டார்.

"நாங்கள் வேற மாதிரி" என்ற வாதம் யாரையும் காப்பாற்றியதில்லை. 1844இல் பிலடெல்பியாவில் ஐரிஷ் கத்தோலிக்கர்களின் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள். ஒரு தலைமுறைதான் கடந்திருக்கும், அதே அயர்லாந்தில் பிறந்த தொழிலாளர் தலைவர் டெனிஸ் கீர்னி சான் பிரான்சிஸ்கோவில் சீனர்கள் வெளியேற வேண்டும் என்று கூட்டம் போட்டார். 1882இல் சீனத் தொழிலாளர்கள் வரத் தடைச் சட்டம் வந்தது, 1885இல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸில் 28 சீனச் சுரங்கத் தொழிலாளர்களைக் கொன்றார்கள், ஒருவருக்கும் தண்டனை இல்லை.

1946இல் இந்தியர்கள் குடியேற வருடத்துக்கு 100 இடம் கொடுத்தார்கள். நாம் நின்றதாகச் சொல்லும் வரிசை 1965 குடியேற்றச் சட்டத்தில்தான் உருவானது. கறுப்பின மக்கள் சிறை சென்று, உயிர் கொடுத்து நடத்திய சம உரிமைப் போராட்டம் இல்லாமல் அந்தச் சட்டம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். ஒன்று, அந்த "வரிசை" பேச்சுக்கு இனி சங்க மேடையில் இடம் கொடுக்காதீர்கள். இன்னொன்று, வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு பெல்லிங்காமையும் திந்த் வழக்கையும், அதில் இருந்த சாதி வாதத்தை மறைக்காமல், சொல்லிக் கொடுங்கள். பாடம் எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சங்க உறுப்பினர் ஒருவர்