பக்கத்துத் தட்டைப் பார்த்து உண்ணச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையொன்று, எடையைக் குறைக்க விரும்புவோர் தம் வீட்டிலோ அயலிலோ உள்ள மெலிந்த ஒருவரைக் கவனித்து, அவர் உண்பதைப் போலவே உண்ணப் பழகினால் போதும் என்று கூறியிருந்தது. அது நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளாக எடையைக் குறைக்க முயன்று, அதில் முதலாண்டு முழுவதையும் இதே வழியில் பாழாக்கியவள் என்ற முறையில், அந்த அறிவுரை ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நானும் என் கணவரின் தங்கையும் கொக்குவிலில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகளில் இருக்கிறோம். எங்கள் இருவருக்கும் வயதும் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். மச்சாள் 50 கிலோவைத் தாண்டியதில்லை. நான் 78 கிலோவில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியின் வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்து காலைச் சாப்பாடு சாப்பிடுவது வழக்கம். நீத்துப்பெட்டியிலிருந்து ஆவி பறக்கக் கவிழ்த்த புட்டை மச்சாள் மூன்று முறை போட்டு, கத்தரிக்காய்க் குழம்பும் சம்பலும் சேர்த்து உண்டு, கடைசியில் மிஞ்சிய புட்டோடு ஒரு வாழைப்பழத்தையும் பிசைந்து முடிப்பார். என் தட்டில் ஒரு கரண்டிப் புட்டும் முருங்கையிலை வறையும் இருக்கும். "பிள்ளை, அவள் இவ்வளவு சாப்பிட்டும் கொடி மாதிரி நிக்கிறாள். நீர் எங்கையும் ஒளிச்சுச் சாப்பிடுறீரோ?" என்று மாமி ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். அவர் அன்பில்லாதவர் அல்லர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனிக்கும் மாவுக்கும் அலைந்து பிள்ளைகளை வளர்த்த தலைமுறை அது. உடம்பு வைத்த பிள்ளையைக் கண்டு மகிழ்ந்த அதே வாய்தான் இன்று பருமனைக் கண்டு கவலைப்படுகிறது. இருந்தாலும் அந்தக் கேள்வி பல மாதங்கள் என் தொண்டையில் நின்றது.

அதன்பிறகு நான் மச்சாளின் தட்டையே பார்க்கத் தொடங்கினேன். அவர் மூன்று முறை போட்டால் நானும் இரண்டு முறையாவது போடலாம் என்று ஒருநாள் உண்பேன். மறுநாள் அந்தக் குற்றவுணர்வில் மத்தியானம்வரை பட்டினி கிடப்பேன். பின்னேரமானதும் கையில் அகப்பட்டதைத் தின்பேன். ஆண்டு முடிவில் எடை 4 கிலோ கூடியிருந்தது. குறையாத எடையைவிட, ஒரு பாவமும் அறியாத மச்சாள் மேல் எனக்குள் வளர்ந்த மனக்கசப்பே என்னை அதிகம் வருத்தியது.

கிளினிக்கில் ஒரு தாதியார்தான், வாயில் வைக்கும் ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதச் சொன்னார். மச்சாளும் கேட்ட உடனே ஒப்புக்கொண்டு மூன்று கிழமை எனக்காகத் தன்னுடையதையும் எழுதினார். ஞாயிறு காலை நான் கண்டது அவருடைய கிழமையில் ஒரேயொரு வேளை என்பது அப்போதுதான் புரிந்தது. முன்பள்ளியில் படிப்பிக்கும் அவர் கட்டிக்கொண்டு போகும் மத்தியானச் சாப்பாட்டில் பாதி அநேகமாகத் திரும்பி வந்தது. பின்னேரம் சீனியில்லாத தேநீர். இரவில் மூன்று இடியப்பமும் சொதியும். என் கொப்பியில் சாப்பாடு குறைவாகவே இருந்தது. ஆனால் நாளுக்கு ஐந்து முறை, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சீனி போட்ட தேநீர், கறியின் உப்புப் பார்த்த கரண்டிகள், பிள்ளைகள் தட்டில் விட்டுப்போன சோறு, தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரு கை மிக்சர் ஆகியவை பக்கம் பக்கமாக நின்றன. சீனி மட்டும் நாளுக்கு 40 கிராம், அதாவது 160 கலோரி அளவு; 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். இவற்றில் எதையும் நான் ஒளித்துச் சாப்பிடவில்லை. எனக்கே தெரியாமல் சாப்பிட்டிருக்கிறேன்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்று முறையிட்டவர்களை 1992இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 கலோரி உண்பதாக நேர்மையுடன் நம்பியவர்கள் உண்மையில் ஏறத்தாழ 2000 கலோரி உண்டிருந்தார்கள். அவர்களுடைய உடலின் எரிப்பாற்றலில் குறையெதுவும் காணப்படவில்லை.

அதற்காக, எல்லாம் கணக்கில் விட்ட பிழைதான் என்று முடிப்பதும் அநியாயம். 1990இல் கனடாவில் 12 சோடி ஒத்த இரட்டையரான இளைஞர்களுக்கு, கிழமையில் ஆறு நாளாக 84 நாள்கள் தலா 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். உணவின் மிகை எல்லாருக்கும் ஒன்றே. ஆனால் ஒருவருக்கு 4.3 கிலோ கூடியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ கூடியது. ஒரே சோடியைச் சேர்ந்த இரட்டையர் மட்டும் பெரும்பாலும் ஒத்த அளவிலேயே பருத்தார்கள். பிறப்போடு வந்த உடல்வாகு இவ்வளவு தூரம் பேசும்போது, கணவன் வழியால் உறவான மச்சாளின் தட்டு என் உடலைப் பற்றி எனக்கு எதைச் சொல்லிவிட முடியும்?

மெலிந்திருப்பதே நலம் என்று கொள்வதற்கும் இடமில்லை. நம்மைப் போன்ற தெற்காசியர் பலருக்கு உடல் பருக்காமலே வயிற்றில் கொழுப்புச் சேர்ந்து நீரிழிவு வருகிறது. அதனால்தான் ஆசியர்களுக்கு, எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் உடல் நிறைச் சுட்டெண் (BMI) 23 ஆனதிலிருந்தே கவனம் வேண்டும் என்கிறார்கள்; பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றர் என்ற எல்லையையும் வைத்திருக்கிறார்கள். அந்தத் தாதியாரும் முதலில் அளவு நாடாவைத்தான் எடுத்தார்.

கொப்பி எழுதத் தொடங்கிய இந்த இரண்டாம் ஆண்டில் எனக்கு 9 கிலோ குறைந்திருக்கிறது. மெதுவாகத்தான் குறைகிறது, எடை இறங்க இறங்க உடலின் தேவையும் இறங்குவதால் இடையிடையே நின்றும்விடுகிறது. ஞாயிறு காலையில் இப்போதும் நான் மச்சாளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். அவருக்குப் புட்டுப் போட்டுக் கொடுப்பதும் நானே.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. நலவாழ்வுப் பக்கத்தில் வரும் அளவுகள் பிறநாட்டுக் கோப்பைக் கணக்கிலும் நாங்கள் சமைக்காத உணவுகளின் பெயரிலுமே இருக்கின்றன. தகுதி பெற்ற போசாக்கு நிபுணர் ஒருவரைக் கொண்டு, ஒரு நீத்துப்பெட்டிப் புட்டு, ஒரு சுண்டு குத்தரிசிச் சோறு, ஓர் இடியப்பம், பாதித் தேங்காயில் பிழிந்த பாலில் வைத்த சொதி என்று எங்கள் குசினி அளவுகளிலேயே ஓர் அட்டவணையைத் தயாரித்து வெளியிட்டால், என்னைப் போல் கொப்பியோடு இருப்பவர்கள் அதை வெட்டி எடுத்துக் குசினிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வோம்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.