மாலுவுக்கு, 36 மணி நேரத்துக்கு நடுவுல

அன்புள்ள மாலு,

எட்டு மாசம் ஆச்சு உனக்கு ஒரு வரி எழுதி. திட்டுறதை நேர்ல பார்க்கும்போது வச்சுக்கோ. மூணாவது இட்லி இன்னும் பாக்கி இருக்கு, அதுவும் ஞாபகம் இருக்கு.

எல்லாரும் சௌக்கியம்னு எழுத முடியலடி. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துருச்சு. பதினோரு ராத்திரி ஆஸ்பத்திரியில இருந்தோம். வலது கை மெல்லத் திரும்புது, பேச்சுதான் வரல. "தண்ணி"ன்னு கேக்க வாயைத் திறப்பார், வேற ஏதோ வரும். அப்ப அவர் கண்ணைப் பார்க்க முடியாது.

அந்தப் பதினோரு ராத்திரியும் எனக்குத் துணை எது தெரியுமா? 2014-ல ஹாஸ்டல் மொட்டை மாடியில நீ உன் போன்ல காட்டினியே, மை சிங்கிங் மான்ஸ்டர்ஸ்னு பாடுற பிராணிங்க விளையாட்டு, அதுதான். அதுல பிளான்ட் ஐலண்ட்ங்கிற தீவைத் திறந்து வச்சுக்கிட்டு, சத்தத்தை ஒரு கோடு மட்டும் விட்டுட்டு உக்காந்திருப்பேன். ஒரு ராத்திரி அப்பா இடது கையால போனைக் காட்டினார். அணைக்கச் சொல்றார்னு நினைச்சேன். கூட்டி வைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த ரெண்டாவது வாரம், அந்தத் தீவுல மாமட்ங்கிற பிராணி "பாம், பாம்"னு அடித்தொண்டையில பாடுதுல்ல, அப்பாவும் கூடவே "பாம்"னார். நான் சமையல்கட்டுல இருந்து ஓடி வந்தேன். பேச்சுப் பயிற்சி குடுக்க வர்ற அம்மா, பேச்சு போனவங்களுக்கும் சில சமயம் பாட்டு தங்கியிருக்கும், விடாதீங்கன்னாங்க. இது என்னன்னு கேட்டாங்க. கனடாவுல லண்டன்னு ஒரு ஊர் இருக்கு, அங்க பிக் ப்ளூ பபிள்னு ஒரு கம்பெனி 2012-ல பண்ணின விளையாட்டு, ஒவ்வொரு பிராணிக்கும் பாட்டுல ஒரு பங்கு, எல்லாம் சேர்ந்தா தீவோட பாட்டுன்னு சொன்னேன். அவங்க நோட்டுல எழுதிக்கிட்டாங்க.

இப்ப தினமும் காலையில மத்த எல்லாத்தையும் ம்யூட் பண்ணிடுவேன். மாமட் மட்டும். அடுத்து நோகின். அது தன் கல்லுத் தலையை ரெண்டு கையாலயும் தட்டும், அப்பா இடது கையால கட்டில் சட்டத்துல தட்டுவார். அப்புறம் டோ ஜாமரோட "டூ". ஒவ்வொண்ணாத் திறந்து விடும்போது அவர் முகம் மலர்றதை நீ பார்க்கணும் மாலு.

அதனாலதான் காஸ்ட்ங்கிற பிராணி வேணும்னு பிடிவாதம் வந்துச்சு. புதுசா ஒரு குரலை அவர் காதுல போடணும். டி-ராக்ஸ், பாட்பெல்லின்னு ரெண்டு பிராணியை ஜோடி சேர்த்து என்ட்பிராட்ங்கிற இன்னொண்ணை எடுத்தேன். காஸ்ட் முட்டை வருமான்னு அந்த என்ட்பிராட்டை டி-ராக்ஸோட ஜோடி சேர்த்துச் சேர்த்துப் பார்த்தேன். பத்தொன்பது தடவை! ஜோடியை உள்ள விட்டதும் கடிகாரம் சொல்லிடும்ல என்ன முட்டைன்னு. 8 மணி நேரம் காட்டினா மறுபடி டி-ராக்ஸ். 24 காட்டினா மறுபடி என்ட்பிராட். ஒவ்வொரு தடவையும் அப்பா புருவத்தைத் தூக்கிக் கேப்பார், நான் தலையை ஆட்டுவேன்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி தீவைத் திறந்தா ஒரு விஷிங் டார்ச், நண்பர்கள் வந்து ஏத்துற தீப்பந்தம், எரியுது. நான் ஏத்தல. என் நண்பர் பட்டியல்ல இருக்கிறது நீ ஒருத்தி. எட்டு மாசம் நான் வாயைத் திறக்கல, நீ வந்து விளக்கேத்திட்டுப் போயிருக்கே. கொஞ்ச நேரம் என்னால எதையும் தொட முடியல. அப்புறம் ஜோடியை விட்டேன். ஒரு நாள் 12 மணி நேரம்னு காட்டிச்சு. காஸ்ட்!

டார்ச் எரிஞ்சா வாய்ப்பு கூடும், அவ்வளவுதான்னு தம்பி சொல்றான். சொல்லிட்டுப் போகட்டும். நீ ஏத்தின அன்னிக்குத்தான் வந்துச்சு.

விளையாட்டுல வைரம் வாங்கி நேரத்தை வெட்டிடலாம்னும் சொன்னான். கூடாதுன்னுட்டேன். ஏன்னா அப்பா எண்ணுறார்டி. இன்னும் எத்தனை மணி நேரம்னு நான் சொல்லணும், அவர் விரலை மடக்கி மடக்கிக் காட்டணும். நேத்து "ஆறு"ன்னு வாயாலயே சொன்னார். தெளிவா வரல, ஆனா அது ஆறுதான். முட்டை இப்ப நர்சரிக்கு வந்துருச்சு, அங்கயும் இன்னொரு 36 மணி நேரம். நாளைக்குச் சாயங்காலம் பொரியும். அவர் கையாலயே தொட்டுத் திறக்கட்டும்னு வச்சிருக்கேன், வலது கையால.

உன் பொண்ணுக்குப் பல் முளைச்சாச்சா? உங்க அத்தை இன்னும் அந்த வீட்டுலதானா? எழுது.

உன் தீவுக்குப் போய்ப் பார்த்தேன், ஒரு டார்ச்சும் எரியல. ஒண்ணு ஏத்தி வச்சிருக்கேன், 24 மணி நேரம்தான் நிக்கும், காஸ்ட் வேணும்னா இன்னிக்கே ஜோடியை விடு. என்ட்பிராட்டுக்கு டி-ராக்ஸையே சேரு, போகார்ட்டைச் சேர்க்காதே. தப்பிப் போனாலும் 8 மணி நேரத்துல அடுத்ததுக்கு விட்டுடலாம், போகார்ட்னா 12 மணி நேரம் போயிடும்.

உன்
தேனு