தையல் நூலில் துடிக்கும் தசை

அன்புள்ள சேகர்,

மாரடைப்பு வந்த அப்பாவை ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நீ அனுப்பிய ஸ்டெம் செல் சிகிச்சை நோட்டீஸையும் பார்த்தேன். ஸ்டெம் செல் என்றால், வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல். லட்சக்கணக்கில் செலவு, அதற்கு உத்தரவாதம் வேறு. அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதே.

பெரிய மாரடைப்பில் நூறு கோடி தசைச் செல்கள் வரை செத்துப்போகும். அப்பா வயதில் இதயம் புதிதாக உண்டாக்கிக்கொள்வது வருஷத்துக்கு அரை சதவீத அளவுதான். ஜப்பான் விஞ்ஞானி யாமனாகா 2006-இல் எலியிலும், மறுவருஷம் மனிதரிலும் தோல் செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றிக் காட்டிவிட்டார். அதிலிருந்து இதயச் செல் எடுப்பது இப்போது ஆய்வகங்களில் வழக்கமான வேலை. தட்டில் விட்டால் தானாகவே துடிக்கும். ஆனால் அவை கருவிலிருக்கும் சிசுவின் செல்களைப் போன்றவை. முதிர்ந்த செல் நீள்குச்சியாக இருக்கும். இவை உருண்டையாக, ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். சியாட்டிலில் 2014-இல் குரங்குகளின் இதயத்தில், மனிதக் கருவின் ஸ்டெம் செல்லிலிருந்து எடுத்த நூறு கோடி இதயச் செல்களைச் செலுத்திப் பார்த்தார்கள். ஒட்டிக்கொண்டன, சேர்ந்தும் துடித்தன. கூடவே இதயத்தின் தாளமும் கெட்டது.

இப்படிப்பட்ட இளம் செல்களை ஆய்வகத்திலேயே முதிர வைக்கத்தான் நுண்கருவிகள். டொரான்டோவில் மிலிக்கா ராடிசிக் குழு செய்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு சின்னஞ்சிறு பள்ளத்தின் நடுவே அறுவை சிகிச்சைத் தையல் நூலை இழுத்துக் கட்டி, கொலாஜன் என்ற புரதத்தின் கூழில் கலந்த செல்களை ஊற்றுகிறார்கள். கூழ் சுருங்கி நூலைக் கவ்விக்கொள்ளும். செல்களும் நூல் போகும் திசையிலேயே நீண்டு வரிசைப்படும். அப்புறம் மின்துடிப்பு. நிமிடத்துக்கு 60-இல் ஆரம்பித்து, ஒரு வாரத்தில் 360 வரை ஏற்றுகிறார்கள். பாவம், சின்னப் பிள்ளைக்கு ராணுவப் பயிற்சி! ஆனால் பலன் இருக்கிறது: தசையிழைகள் ஒழுங்காகின்றன, துடிப்பதற்குத் தேவையான கால்சியத்தைக் கையாளும் விதமும் மேம்படுகிறது. 2013-இல் வெளியான வேலை இது.

இதே குழு 2017-இல் தபால்தலை அளவுக்கு ஒரு திசுத் துண்டு செய்தது. மெல்லிய குழாய் வழியாகச் சுருட்டிச் செலுத்தினால் உள்ளே போய் விரிந்துகொள்ளும். நெஞ்சைப் பிளக்க வேண்டாம். விலங்குகளில்தான் பார்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட நுண்திசுக்கள் இன்றைக்கு உடனே உதவுவது, மருந்து இதயத்தைக் கெடுக்குமா என்று சோதிக்கத்தான்.

அந்த நோட்டீஸ்காரர்களிடம் ஒன்று கேள்: மருத்துவச் சோதனையாகப் பதிவு செய்திருக்கிறார்களா? நம் நாட்டு விதிப்படி, இதய நோய்க்கு ஸ்டெம் செல் கொடுப்பதென்றால் சோதனைக்குள்தான் கொடுக்கலாம். சோதனை என்றால் காசு எதற்கு?

அப்பாவின் எக்கோ ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பு. தீபாவளிக்கு ஊருக்கு வருகிறேன்.

அன்புடன்,
ரவி