மேம்பாலத்துக்கு முன்னால் உள்ள பக்கங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெருநகரங்களுக்கான இருபத்தைந்து ஆண்டுப் போக்குவரத்துத் திட்டங்கள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். எத்தனை கிலோமீட்டர் மெட்ரோ, எத்தனை மேம்பாலம், எவ்வளவு செலவு, எல்லாம் இருந்தது. அத்தனை மேம்பாலம் வேண்டும் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பது மட்டும் இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் நான்கு படிக் கணக்கு ஒன்றிலிருந்துதான் வருகின்றன. ஒரு பகுதியிலிருந்து எத்தனை பயணம் கிளம்பும், அவை எங்கே போய்ச் சேரும், பஸ்ஸிலா காரிலா, எந்தச் சாலை வழியாக என்று படிப்படியாகப் போடும் கணக்கு. 1950களில் சிகாகோ போன்ற அமெரிக்க நகரங்களில் உருவான முறை, இன்றும் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. சிக்கல் அதில் போடும் எண்களில்தான். வாகனங்கள் இதே வேகத்தில் பெருகும் என்று முதலிலேயே வைத்துக்கொண்டால், இருபது வருடம் கழித்துச் சாலை போதாது என்றுதான் விடை வரும். சரி என்று சாலையை அகலப்படுத்துவார்கள், அகலச் சாலை இருக்கிறதே என்று மக்கள் இன்னும் தள்ளிப் போய் வீடு கட்டுவார்கள், வண்டி இல்லாமல் முடியாது என்று ஆகும், கணிப்பு பலித்துவிடும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை 2008 வாக்கில் விரிவாக்கி முடித்தபோது, பக்கச் சாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 தடங்கள் இருந்தன. சில ஆண்டுகளிலேயே நெரிசல் திரும்பி வந்துவிட்டது.

கணக்கில் யாருடைய பயணம் சேர்கிறது என்பது அடுத்த கேள்வி. ஒருமுறை எங்கள் வீட்டுக்குப் பயணக் கணக்கெடுப்புக்காக ஓர் இளைஞர் வந்தார். நேற்று எங்கெல்லாம் போனீர்கள் என்று கேட்டார். நான் வேலைக்குப் போய் வந்ததை ஒரு நிமிடத்தில் எழுதிவிட்டார். அம்மா சொல்ல ஆரம்பித்தார்: பேத்தியைப் பள்ளியில் விட்டது, அங்கிருந்து நடந்தே மருந்துக் கடை, அப்புறம் வங்கி, வழியில் காய்கறி, மதியம் மறுபடியும் பள்ளி. படிவத்தில் அத்தனைக்கும் இடம் இல்லை. கடைசியில் ‘நடை, சொந்த வேலை’ என்று ஒரே வரியில் முடித்தார். அவர் மேல் தப்பில்லை, கையில் கொடுத்த தாள் அப்படி. ஆனால் அம்மா அன்று நாலு பெரிய சாலைகளைக் குழந்தையோடு கடந்திருக்கிறார். அது எந்த அட்டவணைக்கும் போகவில்லை. இருபத்தைந்து வருடத் திட்டத்தில் அவருக்கான நடைபாதை எங்கிருந்து வரும்?

எப்படிப்பட்ட நகரம் வேண்டும் என்று முதலில் தீர்மானித்து, அதற்கேற்றபடி சாலையையும் ரயிலையும் போடலாம். கோபன்ஹேகனில் 1947லேயே, நகரம் ஐந்து விரல்களைப் போல ரயில் பாதைகளை ஒட்டி வளரட்டும், விரல்களுக்கு நடுவே பசுமை இருக்கட்டும் என்று வரைந்தார்கள். அந்தப் படம் இன்றைக்கும் அந்த நகரத்தின் வளர்ச்சிக்கு வழிகாட்டுகிறது. சிங்கப்பூரின் 1971ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே ரயில் வழித்தடங்கள் இருந்தன, முதல் ரயில் ஓடியது 1987இல். நிலத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதன் அருமை, பிறகு வீடுகளை இடித்துப் பாதை போட வேண்டி வரும்போதுதான் தெரியும்.

மக்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பார்கள். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் 2006இல் நெரிசல் கட்டணத்தை, அதாவது நகர மையத்துக்குள் போய்வரும் வண்டிகளிடம் வாங்கும் கட்டணத்தை, சோதனையாகக் கொண்டுவந்தபோது எதிர்ப்புதான் அதிகம். கட்டண எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததை மக்கள் கண்ணால் பார்த்தார்கள், அந்த ஆண்டே வாக்கெடுப்பில் நகரவாசிகள் அதை ஆதரித்தார்கள், 2007இல் அது நிரந்தரமானது. ஆறு ஏழு மாதச் சோதனைக்கு இவ்வளவு பலன் இருக்கும்போது, எதையும் செய்து பார்க்காமலே இருபத்தைந்து வருடத்தைக் கான்கிரீட்டில் முடிவு செய்வது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்து எந்தத் திட்ட வரைவு வந்தாலும், உங்கள் நிருபரை அதன் பின்னிணைப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வாகனப் பெருக்கம் எவ்வளவு என்று வைத்திருக்கிறார்கள், நடந்து போகிறவர்களை எப்படி எண்ணினார்கள், சாலையை அகலப்படுத்தாமல் நெரிசல் கட்டணம், பஸ்ஸுக்கென்று தனித் தடம் என்று மாற்றுக் கணக்கு ஏதாவது போட்டுப் பார்த்தார்களா, இந்த மூன்றையும் வெளியிடுங்கள். கருத்துச் சொல்வதற்கான கெடு முடிவதற்கு முன்னாலேயே வந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் வாசகர்